பவர் சப்ளையில் லித்தியம் செல் சார்ஜ்: இணைத்த பிறகு குமிழைத் தொடாதீர்கள்

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த 18650 செல்களை (உருளை வடிவ லித்தியம் செல்கள்), வோல்ட்டையும் கரண்ட்டையும் குமிழில் வைக்கக்கூடிய மேசை பவர் சப்ளையிலேயே சார்ஜ் செய்யலாம். ஆனால் ஒற்றை செல்லுக்கு மட்டும்தான் இந்த வழி. தொடராக இணைத்த பேக்கில் ஒரு செல் முந்தி நிறைந்து எல்லை தாண்டினாலும் மொத்த வோல்ட்டில் தெரியாது.

1. செல்லை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 2.5-க்கும் 3-க்கும் நடுவில் இருந்தால், முதலில் 100 மில்லிஆம்பில் 3 வரை ஏற்றுங்கள். அதற்கும் கீழே மாதக்கணக்கில் கிடந்ததை நான் சார்ஜ் செய்வதே இல்லை. உள்ளே செம்பு கரைந்திருந்தால் பிறகு ஷார்ட் ஆகும்.

2. செல்லை மாட்டாமல் வோல்ட்டை வையுங்கள்: சாதாரண லித்தியம் அயனுக்கு 4.20, இரும்பு பாஸ்பேட் வகைக்கு 3.65. சப்ளையின் திரையை நம்பாமல் வயர் முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். என் சப்ளை 4.20 என்று காட்டும்போது மீட்டரில் 4.26 இருந்தது.

3. கரண்ட் குமிழை நன்றாகக் குறைத்துவிட்டு, இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டு கரண்ட்டை வையுங்கள். 2200 மில்லிஆம்ப்-அவர் செல்லுக்கு 1 ஆம்ப் போதும். அவுட்புட்டை அணையுங்கள்.

4. சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் மாட்டி அவுட்புட்டைப் போடுங்கள். செல் ஹோல்டரைத்தான் பயன்படுத்துங்கள். 18650-இன் உடம்பு முழுக்க மைனஸ். பிளஸ் முனையின் விளிம்பில் மெல்லிய உறை மட்டுமே காப்பு, கிளிப் நழுவினால் ஷார்ட்.

நான் தப்பு செய்த இடம் இனிமேல்தான். செல்லை மாட்டியதும் திரையில் 4.20 போய் 3.82 வந்தது. வைத்த வோல்ட் இறங்கிவிட்டது என்று நினைத்து குமிழைத் திருப்பினேன். எண் அசையவில்லை, இன்னும் திருப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் செல்லில் 4.38, கை வைத்தால் சூடு. அந்த செல்லைக் கழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான்: கரண்ட் வரம்பில் ஓடும்போது வோல்ட்டைத் தீர்மானிப்பது செல், சப்ளை அல்ல. அப்போது எவ்வளவு திருப்பினாலும் திரையில் தெரியாது. செல் நிறைய நிறைய அந்தப் புதிய அளவு வரை ஏறிக்கொண்டே போகும். சிசி (கரண்ட் வரம்பில் ஓடுகிறது) விளக்கு எரிந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். 4.20-ஐத் தொட்டதும் சிவி (வைத்த வோல்ட்டில் நிற்கிறது) விளக்கு வரும், கரண்ட் 0.80, 0.45, 0.20 என்று இறங்கும். 0.10-க்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

டைல்ஸ் தரையில் வைத்து, துணி, காகிதம் பக்கத்தில் இல்லாமல், ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். வாங்குவதாக இருந்தால் அவுட்புட்டுக்குத் தனி பட்டன் உள்ள சப்ளையையே வாங்குங்கள், சில நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

பின்சேர்க்கை: நடுவில் கரண்ட் போனதில் செல் இறங்கிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். அணைந்த சப்ளைக்குள் செல்லிலிருந்து மின்சாரம் திரும்ப ஓடும். அதனால் கரண்ட் போனால் உடனே கழற்றுங்கள், முடிக்கும்போதும் முதலில் செல், பிறகு சப்ளை. நடுவில் டையோடு போடலாமா என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம். டையோடில் விழும் 0.7 வோல்ட்டைச் சேர்த்து 4.9 வைத்தால், கடைசியில் கரண்ட் குறையும்போது அந்த இழப்பும் குறைந்து செல்லுக்கு 4.3-க்கு மேல் போய்விடும்.