ஏபிஏ டேட்டா ஷீட்டும் கிராஃபும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஷன் முடிந்து கதவைத் திறந்ததும் வாசலில் நிற்கும் அம்மா கேட்பார்: "இன்னிக்கு எப்படி இருந்தான் மேடம்?" "பரவாயில்லம்மா, நேத்தைக்கு இன்னிக்கு தேவல" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் பிள்ளைகளின் நடத்தையை அளந்து பார்த்துப் பயிற்சி கொடுக்கும் ஏபிஏ எனும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வில் எண்ணுகிறோம், கிராஃப் போடுகிறோம். ஆனால் தப்பாக எண்ணிப் போட்ட கிராஃப், அந்த வாய்ப்பேச்சை விட மோசமானது. கோடு ஏறி இறங்குவதைப் பார்த்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். பிள்ளைக்கு ஒத்துவராத ஒரு பயிற்சி மாதக்கணக்கில் தொடரும்.

நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை கிராஃபுக்கு வருமுன்பே, எதை எண்ணுவது என்ற இடத்திலேயே நடந்துவிட்டவை. ஷீட்டில் "அடம்" என்று ஒரு கட்டம் இருக்கும். எது அடம்? எனக்குத் தரையில் படுத்துக் கத்தினால்தான் அடம். உடன் வேலை பார்ப்பவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாலே அடம். நான் வந்த நாள் 3, அவர் வந்த நாள் 11. பிள்ளை இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் இருந்திருப்பான். "தரையில் படுத்து, அடுத்த அறைக்குக் கேட்கும்படி 3 விநாடிக்கு மேல் அழுவது, 1 நிமிடம் அமைதியாக இருந்தபின் மறுபடி தொடங்கினால் அது புதிய ஒன்று" என்று தொடக்கமும் முடிவும் தெரிய எழுதிவிட்டால், புதிதாகச் சேர்ந்த ஒருவர் கூட அதே எண்ணுக்கு வருவார். "அடிக்காமல் இருப்பான்" என்று இலக்கு எழுதுவதும் தவறு. செத்தவரால் செய்ய முடிந்த எதுவும் நடத்தை ஆகாது என்றார் நடத்தையியல் அறிஞர் ஆக்டன் லிண்ட்ஸ்லி. அடிக்காமல் இருப்பது செத்தவராலும் முடியும். "வேண்டியதைக் கை நீட்டிக் கேட்பான்" என்று எழுதினால் எண்ணுவதற்கு ஒன்று கிடைக்கும்.

அடுத்தது, நேரத்தை எழுதாமல் விடுவது. திங்களன்று 10 முறை கடித்தான், செவ்வாயன்று 15 முறை. கூடிவிட்டதா? திங்கள் செஷன் 20 நிமிடம், செவ்வாய் 60 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 0.5-இலிருந்து 0.25-ஆகப் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஷீட்டின் மேலே தொடங்கிய மணி, முடிந்த மணி இரண்டும் இல்லாவிட்டால் அன்றைய எண்ணை யாருக்கும் காட்டாதீர்கள்.

இடைவெளிப் பதிவுதான் அதிகம் ஏமாற்றுவது. 10 நிமிடத்தைப் பத்துப் பத்து விநாடியாக 60 கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்குள் ஒருமுறை நடந்தாலே டிக் போடுகிறோம் என்று வையுங்கள். பிள்ளை 30 கட்டங்களில் தலா 2 விநாடி கையை உதறுகிறான். ஷீட்டில் 50 விழுக்காடு. உண்மையில் அவன் உதறியது மொத்தம் 60 விநாடி, அதாவது 10 விழுக்காடு. "பாதி நேரம் கையை உதறிக்கொண்டே இருக்கிறான்" என்று அந்த எண்ணைப் பெற்றோரிடம் சொன்னால், இல்லாத பயத்தைக் கொடுத்து அனுப்புகிறோம். கட்டம் முழுக்க நீடித்தால்தான் டிக் என்று மாற்றினால் பிழை எதிர்ப்பக்கம் போகும்: அதே பிள்ளைக்கு 0. எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி என்றால், முடிந்தவரை ஸ்டாப்வாட்சை எடுங்கள்.

எண்ணும் ஆளையும் அளக்க வேண்டும். இந்தத் துறைக்கான அமெரிக்க ஆய்விதழ் 1968-இல் தொடங்கியபோது பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் எழுதிய கட்டுரையே இதைக் கேட்டது: மாறியது யாருடைய நடத்தை, பிள்ளையுடையதா, பார்ப்பவருடையதா? அதனால்தான் இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுகிறோம். 80 விழுக்காட்டுக்குக் குறையாத ஒற்றுமை வேண்டும் என்பது வழக்கம். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. அரை மணி நேரத்தில் இருவருமே 10 என்று எழுதினால் மொத்தக் கணக்கில் 100 விழுக்காடு ஒற்றுமை. முதல் கால் மணியில் ஒருவர் 8, மற்றவர் 3. அடுத்த கால் மணியில் 2, 7 என்று இருந்தால்? பகுதி பகுதியாக ஒப்பிட்டுச் சராசரி எடுத்தால் 33 விழுக்காடுதான். இருவரும் வேறு வேறு எதையோ எண்ணியிருக்கிறார்கள்.

கிராஃபில் வரும் பிழைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பயிற்சி மாறிய நாளில் செங்குத்துக் கோடு போடுங்கள்; அந்தக் கோட்டைத் தாண்டிப் புள்ளிகளை இணைக்காதீர்கள். பிள்ளை வராத நாளுக்கு 0 போடாதீர்கள். வராதது வேறு, வந்து ஒருமுறையும் கடிக்காதது வேறு. செங்குத்து அச்சை 8-இலிருந்து 10 வரை மட்டும் நீட்டி, சின்ன அசைவை மலையாக்காதீர்கள்.

படிக்கும்போது சராசரியை நம்பி ஏமாறுகிறோம். பயிற்சி தொடங்கும் முன் தினசரி எண்ணிக்கை 14, 12, 9, 7. தொடங்கியபின் 6, 5, 4. சராசரி 10.5-இலிருந்து 5-க்கு வந்துவிட்டது என்று மகிழலாம். ஆனால் அது ஏற்கெனவே இறங்கிக்கொண்டுதானே இருந்தது? நாம் கை வைக்காமல் இருந்திருந்தாலும் அங்கேயே வந்து நின்றிருக்கக்கூடும். இதற்கு நேர்மாறும் நடக்கும்: முன்பு 2, 4, 6, 8, 10, பின்பு 10, 8, 6, 4, 2. இரண்டுக்கும் சராசரி 6. "மாற்றமே இல்லை" என்று எழுதிவிட்டால், ஏறிக்கொண்டிருந்ததைத் திருப்பிவிட்ட ஒரு நல்ல பயிற்சியை நிறுத்திவிடுவோம். மட்டம், போக்கு, ஏற்ற இறக்கம் மூன்றையும் கண்ணால் பாருங்கள். சராசரி அதன் பிறகு.

வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்று இன்னும் மனதை அறுக்கிறது. கவனத்துக்காகக் கத்தும் ஒரு சிறுமிக்கு, கத்தும்போது பதில் கொடுக்காமல், அமைதியாகக் கூப்பிட்டால் உடனே போவது என்று திட்டம். மூன்றாம் நாள் கத்தல் கூடியது. பயந்துபோய் நிறுத்தச் சொல்லிவிட்டேன். இதுவரை கிடைத்தது நின்றுபோனால் நடத்தை முதலில் சில நாள் எகிறக்கூடும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். அந்த மூன்று புள்ளிகளில் அதை அடையாளம் காணத் தெரியவில்லை. அந்த வீட்டில் அவள் கற்றுக்கொண்டது, இன்னும் உரக்கக் கத்தினால் ஆள் வரும் என்பதைத்தான். இப்போதெல்லாம் தொடங்கும் முன்பே கிராஃபில் பென்சிலால் ஒரு மேடு வரைந்து, "இந்த வாரம் இப்படி ஏறலாம்மா, ஏறினா எனக்குப் போன் பண்ணுங்க, நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிடுகிறேன். தலையை முட்டிக்கொள்ளும், தன்னைக் கடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த மேட்டுக்காகக் காத்திருப்பதில்லை.