பழைய ஜியானா, புது ரைசனா? காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதெல்லாம்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயும் ஆன்லைன்லயும் ஒரு காம்போ ரொம்ப நாளா சுத்திட்டிருக்கு. ஜியான் இ5-2680 வி4ங்கற இன்டெல் சர்வர் பிராசஸர், கூட ஒரு சைனா எக்ஸ்99 போர்டு, அதோட 32 ஜிபியோ 64 ஜிபியோ சர்வர்ல இருந்து கழட்டின ரேம், எல்லாத்தையும் ஒரே செட்டா தருவாங்க. 14 கோர், 28 த்ரெட்னு பெரிய எழுத்துல போட்டிருக்கும். கோர்ங்கறது பிராசஸருக்குள்ள தனியா வேலை செய்யற பகுதி, த்ரெட்ங்கறது அதெல்லாம் சேந்து ஒரே நேரத்துல எடுத்துக்கற வேலை. பக்கத்துல ரைசன் 5 5600ன்னு ஏஎம்டியோட டெஸ்க்டாப் பிராசஸர் ஒண்ணு இருக்கும், அதுல 6 கோர்தான். 14க்கும் 6க்கும் என்ன போட்டின்னு நினைச்சு நிறைய பேர் அந்த இடத்துலயே முடிவு பண்ணிடறாங்க.

நான் யார் கேட்டாலும் சொல்றது, கோர் எண்ணிக்கைக்காக சர்வர் பிராசஸர் வாங்காதீங்க. நிறைய ரேம், நிறைய பிசிஐஇ லேன் (கார்டும் எஸ்எஸ்டியும் பிராசஸரோட பேசற பாதை), ஈசிசி மெமரி (தன்னோட பிழையை தானே திருத்திக்கற ரேம்), இந்த மூணுல ஒண்ணாவது உங்க வேலைக்கு நிஜமாவே வேணும்னா வாங்குங்க. மூணும் வேணாம்னா டெஸ்க்டாப் பிராசஸர்தான் உங்களுக்கு, அதுல யோசிக்கவே வேணாம்.

முதல்ல கோர் கணக்கு

2680 வி4 வந்தது 2016ல. விளம்பரத்துல போடற 3.3 கிகாஹெர்ட்ஸ் ஒண்ணு ரெண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போது வர்ற வேகம், 14 கோரும் சேந்து ஓட ஆரம்பிச்சா 3ஐக்கூட தொடாது. ரைசன் 5600 வந்தது 2022ல, 4.4 வரைக்கும் போகும், அதைவிட முக்கியம் ஒரே கிகாஹெர்ட்ஸ்ல ஓடினாலும் புது கோர் பழசைவிட அதிக வேலையை முடிச்சிடும். அதனால சிங்கிள் கோர் டெஸ்ட்ல 5600 ஒன்றரை மடங்குக்கு மேல வேகம். சரி எல்லா கோரையும் ஓட்டினா ஜியான் எங்கயோ போயிடும்னு நினைப்பீங்க, அங்கயும் ரெண்டும் கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துலதான் நிக்குது, அதுவும் 5600 65 வாட் சிப், ஜியான் 120 வாட்.

ஃபோட்டோஷாப், எக்செல், ஆட்டோகேட், பிரவுசர், பெரும்பாலான கேம், இதெல்லாம் ஒண்ணு ரெண்டு கோர் மேலதான் சாஞ்சு நிக்கும். பந்தில பரிமாற பதினாலு பேர் நின்னாலும் சோறு வடிக்கறவர் ஒருத்தர்னா பந்தி அவர் வேகத்துலதான் நகரும். ப்ளெண்டர் ரெண்டரிங், பெரிய கோட் கம்பைல் பண்றது, எக்ஸ்265ல வீடியோவை என்கோட் பண்றது, நிறைய விர்ச்சுவல் மெஷின் (ஒரே சிஸ்டத்துக்குள்ள சாஃப்ட்வேரா ஓடற தனித்தனி கம்ப்யூட்டர்) ஓட்டறது, இதெல்லாம் எல்லா கோரையும் பிழிஞ்சு எடுக்கும்.

உங்க வேலை எந்த பக்கம்னு தெரியலன்னா இப்ப வச்சிருக்கற சிஸ்டத்துலயே பாத்துடலாம். வழக்கமா பண்ற வேலையை ஓட விட்டுட்டு டாஸ்க் மேனேஜர் திறங்க, பெர்ஃபார்மன்ஸ்ல சிபியூ கிராஃப் மேல ரைட் கிளிக் பண்ணி லாஜிக்கல் பிராசஸர்ஸ்னு மாத்துங்க, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி கட்டமா வரும். லினக்ஸ்னா எச்டாப் போதும். ரெண்டு மூணு கட்டம் மட்டும் உச்சில நின்னுட்டு மத்ததெல்லாம் தரையில கிடந்தா உங்களுக்கு கோர் பத்தலன்னு அர்த்தம் இல்ல, கோரோட வேகம்தான் பத்தல. எல்லா கட்டமும் நிறைஞ்சிருந்தா கோர் அதிகமா இருக்கறதை வாங்கலாம், அப்பவும் ரைசன் 7 5700எக்ஸ் மாதிரி 8 கோர் டெஸ்க்டாப் சிப்பை முதல்ல பாருங்க. மெமரி பக்கத்துக்கும் போய் எவ்ளோ நிறைஞ்சிருக்குன்னு ஒரு பார்வை பாத்துடுங்க, பல பேருக்கு சிஸ்டம் இழுக்கறதுக்கு காரணமே ரேம்தான், பிராசஸரை மாத்தாமலே சரியாயிடும்.

வீடியோ எடிட்டிங் பண்றவங்க இதை கண்டிப்பா படிங்க

கல்யாண வீடியோ எடிட் பண்ற தம்பிங்கதான் இந்த ஜியான் செட்டை அதிகமா கேக்கறாங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். இப்ப வர்ற சோனி, கேனான் கேமராக்கள்ல எச்.265ங்கற சுருக்கற முறையில, கலர் விவரம் அதிகமா இருக்கற 10 பிட், 4:2:2ன்னு ரெக்கார்ட் பண்றாங்க. இந்த ஃபைலை டைம்லைன்ல போட்டு ஓட்டும்போது திக்கி திக்கி வர்றதுக்கு காரணம் டிகோடிங், அதாவது சுருக்கின வீடியோவை விரிச்சு படமாக்கறது. இதுக்கு கோரை அடுக்கறதைவிட அந்த வேலைக்குன்னே தனி சர்க்யூட் சிப்புக்குள்ள இருக்கறதுதான் தீர்வு. இன்டெல் ஐ5-12400க்குள்ள இருக்கற யுஎச்டி 730 கிராஃபிக்ஸ் இந்த 4:2:2 ஃபார்மேட்டை ஹார்டுவேர்லயே டிகோட் பண்ணிடும், ப்ரீமியர் அதை நல்லா பயன்படுத்திக்கும். என்விடியாவோட 30, 40 சீரிஸ் கார்டுல கூட இந்த 4:2:2 டிகோடிங் கிடையாது, 50 சீரிஸ்லதான் வந்துச்சு. ஜியான் இ5ல கிராஃபிக்ஸே கிடையாது, டிஸ்பிளே வரணும்னாலே தனியா ஒரு கார்டு போடணும். 14 கோர் ஜியான்ல திக்கற ஃபைல் 6 கோர் 12400ல வெண்ணெயா ஓடும். ஆனா வாங்கும்போது பேர் கடைசில எஃப்னு இல்லாம பாத்துக்கோங்க, 12400எஃப்ல அந்த கிராஃபிக்ஸ் பகுதியை அணைச்சுதான் விக்கறாங்க, கொஞ்சம் விலை கம்மின்னு அதை வாங்கிட்டா எதுக்காக வாங்கினோமோ அதுவே இருக்காது.

அப்ப சர்வர் பிராசஸர் யாருக்கு?

ரேம்ல இருந்து ஆரம்பிப்போம். 12400லயும் ரைசன் 5600லயும் அதிகபட்சம் 128 ஜிபி, ரெண்டு சேனல் (ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவுல டேட்டா போற வழி). 2680 வி4ல நாலு சேனல், இன்டெல் கணக்குப்படி 1.5 டிபி வரைக்கும் போடலாம். ப்ராக்ஸ்மாக்ஸ்ங்கற சாஃப்ட்வேரை போட்டு பத்து பதினஞ்சு விர்ச்சுவல் மெஷின் ஓட்டி குபர்நெட்டிஸ் மாதிரி சர்வர் நிர்வாகம் கத்துக்கறவங்க, பெரிய டேட்டாபேஸை மெமரிலயே வச்சு வேலை பண்றவங்க, இவங்களுக்கு ஜியான் நல்ல சாய்ஸ், ஏன்னா அங்க ஒவ்வொரு மெஷினுக்கும் வேகத்தைவிட இடம்தான் முக்கியம். ஆனா சர்வர் ரேம் ரெஜிஸ்டர்டு டைப், அதை டெஸ்க்டாப் போர்டுல போட்டா ஓடவே ஓடாது. நாளைக்கு இந்த செட்டை விட்டு வெளிய வந்தா அந்த ரேமையும் சேத்துதான் விக்கணும், இதை இப்பவே மனசுல வச்சுக்கோங்க.

வீட்லயே ஏஐ மாடல் ஓட்டணும், அதுவும் சிபியூலயே ஓட்டணும்னு ஆசைப்படறவங்க மெமரி வேகத்தை கணக்கு போட்டு பாருங்க. மாடல் பதில் சொல்ற வேகம் பெரும்பாலும் ரேம்ல இருந்து டேட்டா எவ்ளோ சீக்கிரம் வருதுங்கறதுலதான் இருக்கு. ரெண்டு சேனல் டிடிஆர்4-3200 செகண்டுக்கு 51.2 ஜிபி, ஜியானோட நாலு சேனல் டிடிஆர்4-2400ல 76.8 ஜிபி, இது வரைக்கும் ஜியான் முன்னாடி. ஆனா புது ரைசனுக்கான ஏஎம்5 போர்டுல ரெண்டு சேனல் டிடிஆர்5-6000 போட்டாலே கணக்குப்படி 96 ஜிபி வந்துடுது. இதுக்காகவே சர்வர் பக்கம் போறதா இருந்தா ஏஎம்டியோட பழைய சர்வர் பிராசஸர் எபிக் 7302 மாதிரி எட்டு சேனல் சிப்பை பாருங்க, அதுல 204.8 ஜிபி, அங்கதான் சர்வர் பிராசஸரோட அருமை தெரியும்.

லேன் கதையும் இப்படித்தான். 12400, 5600 மாதிரி டெஸ்க்டாப் சிப்ல கிராஃபிக்ஸ் கார்டுக்கு 16, ஒரு எஸ்எஸ்டிக்கு 4, அதோட நேரடி லேன் தீர்ந்துச்சு, மிச்சமெல்லாம் போர்டுல இருக்கற சிப்செட்ங்கற துணை சிப் வழியா ஒரே பாதையை பங்கு போட்டுக்கணும். ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி வச்சிருக்கறவங்களுக்கு இது தாராளம். ரெண்டு மூணு கிராஃபிக்ஸ் கார்டு, 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு, பத்து ஹார்ட் டிஸ்க் மாட்ட ஒரு எச்பிஏ கார்டுன்னு போறவங்களுக்குதான் ஜியானோட 40 லேனும் எபிக்கோட 128 லேனும்.

ஈசிசி பத்தி பேச ஆரம்பிச்சா நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ரேம்ல ஒரு பிட் தானா மாறிப்போறது எங்கயோ நடக்கற விஷயம் இல்ல, கூகுள் தன்னோட சர்வர்களை ஆராய்ஞ்சு 2009ல வெளியிட்ட கட்டுரையில ஒரு வருஷத்துல 8 சதவீதத்துக்கும் மேல ரேம் ஸ்டிக்ல பிழை வந்ததா எழுதினாங்க. ஈசிசி ஒரு பிட் மாறினா திருத்திடும், ரெண்டு பிட் மாறினா கண்டுபிடிச்சு சொல்லிடும். கணக்கு வழக்கு, கஸ்டமர் டேட்டா, பத்து வருஷ ஃபேமிலி ஃபோட்டோ இதையெல்லாம் வச்சிருக்கற சிஸ்டத்துக்கு ஈசிசி போடுங்கன்னுதான் சொல்வேன். ஆனா அதுக்கும் சர்வர் பிராசஸர்தான் வேணும்னு இல்ல. ரைசன் 5600 ஈசிசியை ஏத்துக்கும், போர்டும் ஏத்துக்குதான்னு போர்டு கம்பெனி பக்கத்துல பாத்துட்டு ரெஜிஸ்டர்டு இல்லாத ஈசிசி ரேமா வாங்கணும். 5600ஜி வாங்கினா கிடைக்காது, அந்த வரிசையில ப்ரோ மாடலுக்கு மட்டும்தான். இன்டெல் 12வது ஜெனரேஷன்ல ஈசிசியை ஏத்துக்கற சிப்பும் டபிள்யூ680 சிப்செட் போர்டும் வேணும். டிடிஆர்5 ரேம்லயே ஈசிசி இருக்குன்னு கடைக்காரர் சொன்னா ஏத்துக்காதீங்க, அது சிப்புக்குள்ள மட்டும் வேலை செய்யறது, ரேம்ல இருந்து பிராசஸர் வரைக்கும் வர்ற வழியில அது காப்பாத்தாது.

கரண்ட் பில்

இதை யாரும் வாங்கும்போது யோசிக்கறதில்ல. நாள் முழுக்க ஓடற சிஸ்டம் 100 வாட் அதிகமா இழுத்தா ஒரு நாளைக்கு 2.4 யூனிட், நம்ம ஊர் ரெண்டு மாச பில்லுக்கு 144 யூனிட். ஏசி ஓடற வீட்ல ஏற்கனவே 500 யூனிட் தாண்டியிருக்கும், அதுக்கு மேல யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல, அப்ப ஒவ்வொரு பில்லுக்கும் 1,150 ரூபாய்க்கு மேல, வருஷத்துக்கு ஏழாயிரம் பக்கம். 500ஐ ஒட்டி இருக்கற வீடுன்னா இன்னும் மோசம், அந்த கோட்டை தாண்டினதும் கீழ் யூனிட்டுகளோட கணக்கே மாறிடும். கரண்ட் போனா யுபிஎஸ் தாங்கற நேரமும் குறையும். ஃபோட்டோ பேக்கப், வீட்டுக்குள்ள படம் ஓட்டற ஜெல்லிஃபின், வீட்டு கேமரா ரெக்கார்டிங் இவ்ளோதான்னா ஜியானும் வேணாம் ரைசனும் வேணாம், இன்டெல் என்100 போட்ட மினி பிசி போதும், அது 6 வாட் சிப்.

பழசுதான் வாங்கப்போறீங்கன்னா

வி1, வி2 ஜியானை தொடாதீங்க, அதுல ஏவிஎக்ஸ்2ங்கற கணக்கு போடற கட்டளைத் தொகுப்பு கிடையாது, அது இல்லாம திறக்கவே மாட்டேங்கற சாஃப்ட்வேரும் கேமும் இப்ப நிறைய. வி3, வி4ல இருக்கு. ஆனா விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் குடுத்திருக்கற லிஸ்ட்ல வி4கூட இல்ல, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, அதனால லினக்ஸ் போடறவங்களுக்குதான் இது நிம்மதி. ரெண்டு பிராசஸர் மாட்டற ரெண்டு சாக்கெட் போர்டு வாங்கினா விண்டோஸ் ஹோம் ஒரு பிராசஸரைத்தான் எடுத்துக்கும், ப்ரோ வேணும்.

சைனா போர்டுல எக்ஸ்99னு எழுதியிருந்தாலும் பல போர்டுல உள்ள வேற பழைய சிப்செட்டைத்தான் கழட்டி ஒட்டியிருப்பாங்க, ஸ்லீப் மோடு சரியா வேலை செய்யாத போர்டு நிறைய, பயாஸ் அப்டேட்டை எதிர்பாக்க முடியாது. நிஜ சர்வர் போர்டுன்னா கூலர் மாட்டற ஓட்டைகள் நீளவாக்குல குறுகலா இருக்கலாம், அதுக்கு டெஸ்க்டாப் கூலர் பொருந்தாது, முன்கூட்டியே கேளுங்க. எபிக் வாங்கறவங்க இன்னொண்ணும் கேக்கணும், சில சர்வர் கம்பெனிங்க அவங்க போர்டோட சிப்பை பூட்டிடுவாங்க, அப்படி பூட்டின சிப் வேற கம்பெனி போர்டுல உயிரே வராது, அன்லாக்டுன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க.

கடையில செட்டை ஓட விட்டு பாக்காம காசு குடுக்காதீங்க. சிப் மேல இன்டெல் கான்ஃபிடென்ஷியல்னு பொறிச்சிருந்தா அது சோதனைக்காக குடுத்த சாம்பிள், வேணாம்னு திருப்பிக் குடுத்துடுங்க. சாக்கெட்ல ஒரு பின்னாவது வளைஞ்சிருக்கான்னு செல்ஃபோன் டார்ச் அடிச்சு சாய்ச்சு பாருங்க, பின் வளைஞ்சா பெரும்பாலும் ஒரு மெமரி சேனல் காணாம போகும், அதனால சிபியூ-இசட்ங்கற சாஃப்ட்வேர்ல நாலு சேனலும் காட்டுதான்னும் பாத்துடுங்க. அப்புறம் ரேமை சோதிக்கற மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவ்ல கொண்டு போய் ஒரு முழு ரவுண்டு ஓட விடுங்க, 64 ஜிபின்னா மணிக்கணக்கா ஆகும், கடைக்காரர் அவ்ளோ நேரம் தர மாட்டேன்னா ஒரு வாரம் ரீப்ளேஸ்மென்ட்னு எழுதி வாங்கிட்டு வீட்டுக்கு வந்த அன்னிக்கு ராத்திரியே அதை ஓட விட்டுடுங்க.