டர்போ போச்சு என்று முடிவு கட்டும் முன் பக்கத்து வண்டியைப் பாருங்கள்

கார்ப் பிரியர்கள் கூடும் இடத்துக்கு வரும்போதே யாராவது ஒருவர், "பிக்கப்பே இல்லை, டர்போ போயிடுச்சு போல" என்பார். டர்போ என்பது புகைக் காற்றின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. பானெட்டைத் திறந்ததும் ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். நான் முதலில் கேட்பது, இதே இன்ஜின் உள்ள நல்ல வண்டி இங்கே வேறு ஏதாவது நிற்கிறதா என்பதைத்தான். ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் கோளாறான வண்டி மட்டுமே இருக்கும். சந்திப்பிலோ நன்றாக ஓடுகிற அதன் ஜோடியும் கூடவே நிற்கும். இந்த வசதியை யாரும் வீணாக்கக் கூடாது.

ஸ்பேனரைத் தொடாமலே தொடங்கலாம். இரண்டு வண்டியிலும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று நுழையும் குழாய்) அழுத்த சென்சார் காட்டும் எண்ணை ஸ்கேனரில், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவியில், பாருங்கள். அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல், மலை மேல் அதைவிடக் குறைவு. இரண்டும் ஒரே இடத்தில் நிற்பதால் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் சந்தேகம் டர்போ மேல் இல்லை, சென்சார் மேலும் வயரிங் மேலும்தான்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. போக்குவரத்து இல்லாத ரோட்டில், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, மூன்றாவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்த வேண்டும். வேக வரம்பைத் தாண்டத் தேவையில்லை. ஸ்கேனரைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் பார்க்கவே கூடாது. இன்ஜின் கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று பதிவு செய்துகொண்டு, அதே ரோட்டில் அதே கியரில் நல்ல வண்டியையும் ஓட்டுங்கள். கிடைத்தது குறைந்தால் பெரும்பாலும் ஸ்கேனரில் பி0299 என்ற எரர் கோடு வரும். கேட்டதைவிட அதிகமாகக் கிடைத்தால் பி0234 வந்து, வண்டி தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போகலாம்.

பூஸ்ட் குறைவு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ரப்பர் ஹோஸையும் கிளாம்பையும்தான். ஏர் மீட்டர் அளந்த காற்று வழியில் கசிந்துவிட்டால், பெட்ரோல் இன்ஜின் இல்லாத காற்றுக்கும் சேர்த்து எரிபொருள் ஊற்றும். டீசலில் காற்று பற்றாமல் போகும். இரண்டிலுமே கரும்புகைதான் வரும். இன்டர்கூலரின் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பிளாஸ்டிக் முனைகள், ஹோஸ் எதிலாவது உரசும் வளைவு, கிளாம்புக்கு அடிப்பகுதி ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கும் இடம்தான் துப்பு. குழாய்க்குள் லேசான ஆயில் ஈரம் சகஜம், தேங்கி நின்றால்தான் கவலை.

ஐட்லிங்கில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு. பெட்ரோல் வண்டியில் அதனால் அநேகமாகப் பயனில்லை, அந்த நேரத்தில் அந்தக் குழாயில் அழுத்தமே இருக்காது. இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, டர்போவுக்குள் காற்று நுழையும் வாயை டயர் வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, மெதுவாகக் காற்றடிக்க வேண்டும். அரை பார் அழுத்தத்தில் தொடங்குங்கள், அந்த வண்டியின் வழக்கமான பூஸ்டைத் தாண்டாதீர்கள். ஹோஸ் கழன்றால் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், நேர் எதிரே நிற்க வேண்டாம். இப்போது சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். டிப்ஸ்டிக் பக்கமோ சைலன்சர் பக்கமோ லேசாக உஸ்ஸென்று கேட்டால் பதற வேண்டாம், வால்வு வழியாகவும் ரிங் வழியாகவும் கொஞ்சம் போகும். ஹோஸைத் திரும்ப மாட்டும்போது இரு பக்கமும் ஆயிலைத் துடைத்துவிடுங்கள். வழுவழுப்பான ரப்பர் அடுத்த முழு பூஸ்டில் கழன்றுவிடும்.

கசிவே இல்லையா? மெல்லிய வேக்கம் ஹோஸ்களின் முனையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆக்சுவேட்டரை, அதாவது கம்பியை நகர்த்தி பூஸ்டைக் கட்டுப்படுத்தும் பாகத்தை, கை பம்பால் சோதியுங்கள். கம்பி தடையில்லாமல் நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். டீசலில் டர்போவுக்குள் இருக்கும் நகரும் தகடுகள் கரி பிடித்து இறுகிப்போவதும் அடிக்கடி நடக்கும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் டர்போவையே பார்க்க வேண்டும். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், சாவி உரிமையாளர் பையில் இருக்க வேண்டும். உள்ளே கை விடும்போது இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. டர்போவின் இறக்கைச் சக்கரங்களைத் தாங்கிச் சுழலும் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் சிறிது ஆட்டம் தெரியலாம், ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தெரியும் அளவுக்கு இருக்கக் கூடாது. இறக்கைகள் உறையில் உரசிய தடமோ முனை சிதைந்திருப்பதோ தெரிந்தால் டர்போ போய்விட்டது என்றே அர்த்தம். நீலப் புகைக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். ஆயில் திரும்பி வரும் குழாயோ இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதரோ அடைத்தாலும் நீலப் புகை வரும்.

புது டர்போ போடுவதாக இருந்தால், பழையது ஏன் போனது என்று தெரியாமல் போடாதீர்கள். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் தண்டு அது, ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுழல்கிறது. வேகமாக ஓட்டிவிட்டுச் சட்டென்று அணைத்தால் உள்ளே நிற்கும் ஆயில் வெந்து கரியாகும். அந்தக் கரி, டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் ஊட்டுக் குழாயை அடைக்கும். அதே குழாயோடு புது டர்போவை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போகும். குழாய், ஆயில், ஃபில்டர் மூன்றையும் மாற்றுங்கள். மாட்டும்போது டர்போவின் ஆயில் துளையில் புது ஆயிலை ஊற்றி, தண்டைக் கையால் சுற்றிவிட்டு, அதன் பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடம் ஐட்லிங்கிலேயே ஓடட்டும். கூட்டத்தில் யார் ரேஸ் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.