கோப்பித்தூள், பலூன், சிரிஞ்ச்: தொட்டுப் பழக ஒரு செயற்கை வயிறு

தங்கையின் மகள் மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கிறாள். வாட்டுக்குப் போகத் தொடங்கிய புதிதில் ஒரு நாள் கேட்டாள்: "மாமா, வயிறு இறுகியிருக்கு எண்டு சேர் சொல்றார். என்ர கைக்குத் தெரியுதில்லையே, என்ன செய்ய?" அப்பெண்டிசைட்டிஸ் (குடல்வால் அழற்சி) முற்றி வயிற்றின் உள்ளுறை வரை அழற்சி பரவினால், மேலே உள்ள தசை பலகைபோல் இறுகிவிடும். வலியில் கிடக்கும் ஒருவரை வகுப்பு முழுவதும் அமுக்கிப் பழக முடியாது. அதனால் கல்லடி வீட்டில் அவளுக்காக இந்தச் செயற்கை வயிற்றைச் செய்தேன். வேண்டும்போது இறுகும், விட்டால் இளகும்.

பலூனுக்குள் கோப்பித்தூளோடு காற்றும் இருக்கும்வரை அது பொதபொதவென்று கிடக்கும். காற்றை இழுத்தால் வெளிக்காற்று நசுக்க, தூள்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கல்லாகிவிடும். 2010இல் கோர்னெல், சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே முறையில் பொருட்களைக் கவ்வும் ரோபோக் கை செய்தார்கள். மென் ரோபோவியலில் (வளையும், இளகும் பொருட்களால் ரோபோ செய்யும் துறை) கை வைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

தேவையானவை

பெரிய பலூன், கோப்பித்தூள், 60 மில்லிலீற்றர் சிரிஞ்ச், வாட்டில் சேலைனுக்குப் போடும் திரீ-வே (திருகித் திறந்து மூடும் மூவழி அடைப்பான்), மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் காற்றுக் குழாய், ஒரு துண்டு நைலோன் துணி, மெத்தைப் பஞ்சு. தோலுக்கு ஈகோஃப்ளெக்ஸ் 00-30 சிலிக்கோன்; ஏ, பி என்று இரண்டு பகுதிகளாக வரும், கலந்தால் ரப்பர்போல் இறுகும். சமையலறை டிஜிற்றல் தராசு கட்டாயம் வேண்டும். கோப்பையால் அளக்கவே வேண்டாம், பாதி கோப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பலூன்

மல்லி, இஞ்சி கலக்காத, கரகரப்பாக அரைத்த தூள் வாங்குங்கள். தாச்சியில் இளஞ்சூட்டில் ஈரம் போக வறுத்து, நன்றாக ஆறவிட்டு நிரப்புங்கள். பலூனை ரொட்டிபோல் தட்டையாக்கினால் இரண்டு விரல் தடிப்பு இருக்க வேண்டும். குழாயின் வாயில் நைலோன் துணியைக் கட்டிய பிறகே பலூனுக்குள் செருகுங்கள். இல்லாவிட்டால் முதல் இழுவையிலேயே தூள் சிரிஞ்சுக்குள் வந்துவிடும். குழாயின் மறுமுனையில் திரீ-வே, அதில் சிரிஞ்ச்.

ஒரு முறை இழுத்தால் போதாது. இழுத்து, பலூன் பக்கத்தைத் திரீ-வேயால் அடைத்து, சிரிஞ்சுக் காற்றை வெளியே தள்ளி, மறுபடி இழுங்கள். இரண்டு மூன்று இழுவையில் பலகைபோல் ஆகிவிடும்.

தோல்

என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது இந்தப் படிதான். முதலில் சிலிக்கோனைக் கலந்து பலூனின் மேலேயே ஊற்றினேன். அடுத்த நாள் மேற்பக்கம் நன்றாக இறுகியிருந்தது. உரித்துப் பார்த்தால் பலூனைத் தொட்ட பக்கம் பாணிபோல் இழுபட்டது. அளவு பிழை என்று நினைத்து, கிராம் கிராமாக நிறுத்து மறுபடி ஊற்றினேன். அதே பாணி.

மூன்றாம் முறை பலூனே இல்லாமல் பிளாஸ்ரிக் தட்டில் ஊற்றி, கையுறை போட்டு மேற்பரப்பைத் தடவிச் சமன் செய்தேன். காலையில் தட்டு முழுவதும் இறுகியிருந்தது, ஓரத்தில் நான்கு இடங்களைத் தவிர. நான்கும் என் விரல் அடையாளங்கள். தொட்டால் பிசுக்கென்று ஒட்டின. பலூன் லேட்டெக்ஸ், கையுறையும் லேட்டெக்ஸ். பிளாற்றினத்தால் இறுகும் இந்த வகைச் சிலிக்கோனை லேட்டெக்ஸ் இறுகவே விடாது. கந்தகம் கலந்த மெழுகுக்களியும் அப்படித்தான்.

ஆகவே வைனைல் கையுறை போடுங்கள். தோலைத் தனியாகத் தட்டில் ஊற்றி எடுங்கள். இறுகி முடிந்த சிலிக்கோன் லேட்டெக்ஸின் மேல் கிடந்தால் ஒன்றும் ஆகாது. புதிய அச்சு எதுவானாலும் முதலில் ஒரு ரூபாய்க் குற்றியளவு ஊற்றிப் பாருங்கள்.

20க்கு 15 சென்ரிமீற்றர் தட்டுக்கு ஏ பகுதி 115 கிராம், பி பகுதி 115 கிராம். ஏழு மில்லிமீற்றர் தடிப்பு வரும். கலந்த பின் 45 நிமிடம் கையாளலாம், நான்கு மணி நேரத்தில் இறுகும் என்கிறார்கள். அது 23 பாகை வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. நம் சித்திரை வெயிலில் அதற்கு முன்பே தடித்துவிடும். விடியற்காலையில் ஊற்றுங்கள்.

அடுக்கும் முறை

அடியில் பஞ்சு, அதன்மேல் பலூன், மேலே தோல். தொப்புளையும் வலது இடுப்பெலும்பின் முன்முனையையும் இணைக்கும் கோட்டில், எலும்புப் பக்கமிருந்து மூன்றிலொரு பங்குத் தூரத்தில் பலூனின் நடு வரட்டும்.

மோட்டர் பம்ப் வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். எனக்குச் சிரிஞ்ச்தான் பிடிக்கும். மாணவி அழுத்தும் அந்த நொடியைப் பார்த்து இழுக்க ஒரு கை வேண்டும். தொடுகையைக் கருவிக்குள் கொண்டுவருவது சுலபமில்லை. டாவின்சி சத்திரசிகிச்சை ரோபோவுக்கு அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது. திசுவில் படும் விசையை வைத்தியரின் கைக்கு உணர்த்தும் டாவின்சி 5 அங்கே அனுமதி பெற்றது 2024இல்தான்.

பிறகு சேர்த்தது: அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், மாரி மழையில் தூள் பூஞ்சணம் பிடித்துக் கட்டியாகிவிட்டது என்று எழுதியிருந்தார். வேலை முடிந்ததும் திரீ-வேயை அடைத்து வையுங்கள், ஈரக்காற்று உள்ளே போகாது. கோப்பியின் எண்ணெய் லேட்டெக்ஸை மெல்ல மெல்லக் கெடுக்கும். வகுப்புக்கு முன் ஒரு முறை இழுத்து, பத்து நிமிடம் இறுக்கம் நிற்கிறதா என்று பாருங்கள்.

பழகும்போது சிரிஞ்சைத் துணிக்கு அடியில் மறைத்துவிடுங்கள். முதல் நாள் மருமகள் என் கையைப் பார்த்துத்தான் "இறுகிட்டு" என்றாள். மறைத்த பிறகு இடது பக்கத்திலிருந்து மெதுவாக வரச் சொன்னேன். கண் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும் என்பதால் தலைமாட்டில் ஒரு தலையணையையும் வைத்தோம்.