25 நிமிடப் படிப்பு: எங்கே கோட்டை விடுகிறோம்?

1980களின் கடைசியில் இத்தாலியில் கல்லூரி மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, படிப்பில் மனம் ஒட்டாமல் தவித்தபோது சமையலறை டைமர் ஒன்றைத் திருகி வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். அது தக்காளி வடிவ டைமர். தக்காளிக்கு இத்தாலிய மொழியில் பொமொடோரோ. முறைக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. அவ்வளவுதான்.

குரூப் 4 போன்ற அரசு வேலைத் தேர்வுகளுக்கு வீட்டிலிருந்து படிக்கிறவர்கள் இதை ஆசையாகத் தொடங்கி, 'நமக்கு ஒத்துவரல' என்று பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அந்த 25 நிமிடத்தில் இருக்காது, 5 நிமிடத்தில் இருக்கும்.

மணி அடிக்கிறது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்ததும் கை தானாகப் போனுக்குப் போகிறது. வாட்ஸ்அப்பில் சித்தி வீட்டு வளைகாப்புப் படங்கள், அதற்கு ஒரு பதில், அப்புறம் ஒரு ரீல்ஸ், இன்னொன்று. சரியாக 5 நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தாலும் கண் மட்டும்தான் வரிகளின் மேல் ஓடும். விட்டுவந்த விஷயத்தின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுக்கும் என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் ஆய்வாகவே வெளியிட்டார். அதனால் ஓய்வில் மூளைக்குப் புதுத் தீனி வேண்டாம். எழுந்து தண்ணீர் குடியுங்கள், மாடியில் காய்ந்த துணியை எடுத்து வந்து மடியுங்கள், சன்னல் வழியே தூரத்து மரத்தைப் பாருங்கள். சலிப்பாக இருக்கிறதா? நல்லது, புத்தகத்துக்குத் திரும்ப மனம் வரும்.

போனிலேயே டைமர் வைப்பதும் இதே வம்புதான். அலாரத்தை நிறுத்த எடுத்த போன் லேசில் கீழே இறங்காது. சுவர்க் கடிகாரமோ சின்ன மேசைக் கடிகாரமோ போதும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

அடுத்தது, என்ன படிக்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் டைமரை ஓடவிடுவது. 'அரசியலமைப்பு படிக்கணும்' என்று உட்கார்ந்தால் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தேடுவதிலேயே முதல் பத்து நிமிடம் போய்விடும். 'சமத்துவ உரிமை, சட்டப்பிரிவு 14 முதல் 18 வரை. படித்துவிட்டுப் பார்க்காமல் எழுத வேண்டும்' என்று துண்டுச்சீட்டில் எழுதிவிட்டு டைமரைத் திருகினால் அது ஒரு சுற்று வேலை. ஐந்தாறு சுற்றைத் தாண்டும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். நாலு வரிக் குறிப்பு எழுதுவது போன்ற சில்லறை வேலைகளை ஒரே சுற்றில் சேர்த்துவிடலாம்.

நடுவில் அம்மா கூப்பிடுவார். 'பத்து நிமிஷத்துல வர்றேம்மா' என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். வாசலில் சிலிண்டர் வந்து நிற்கிறது என்றால் போய்த்தான் ஆக வேண்டும். அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காமல் புதிதாகத் தொடங்குங்கள். மனமே இழுக்கும் இழுப்பு இதைவிடப் பெரிது. 'ஹால் டிக்கெட் வந்துவிட்டதா?' என்று தோன்றினால் அதே துண்டுச்சீட்டின் ஓரத்தில் குறித்துவிட்டு மேலே படியுங்கள். எழுதிவிட்டதைப் பற்றி மனம் அவ்வளவாக நச்சரிக்காது.

25 என்ற எண்ணையே பிடித்துத் தொங்குவதும் தேவையில்லை. கணக்குப் போடும்போது சூடு பிடிக்கவே நேரமாகும். அதற்கு 45 நிமிடம் வைத்துக்கொள்வது நல்லது என்பேன். ஆனால் அதை உட்காரும் முன்பே முடிவு செய்யுங்கள். மணி அடித்தபின் 'இன்னும் கொஞ்சம்' என்று ஓய்வைத் தின்றுகொண்டே போனால் மதியத்துக்குள் தலை கனத்துவிடும்.

பலர் யோசிக்காத ஒன்று உண்டு. குரூப் 4 தேர்வு 200 கேள்வி, 3 மணி நேரம். நடுவில் மணியும் அடிக்காது, ஓய்வும் கிடையாது. கடைசி வரை 25 நிமிடத் துண்டுகளாகவே பழகியவருக்குத் தேர்வறையில் முதல் ஒரு மணி நேரத்திலேயே மனம் எழுந்து போகப் பார்க்கும். கடைசி மாதத்தில் வாரம் இரண்டு நாளாவது முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். காலை 9.30 மணிக்கு உட்கார்ந்தால் 12.30-க்குத்தான் எழ வேண்டும்.