எம்.டெக். சேரலாமா? எந்த வரிசையில் யோசிக்க வேண்டும்

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். வகுப்பில் பாதிப் பேர், எம்.டெக். சேர எழுதுகிற கேட் நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டினார்கள், நானும் கட்டினேன். அன்று ராத்திரி அப்பா கேட்டார்: "ஏளா, ரெண்டு வருசம் மேக்கொண்டு படிச்சிட்டு வந்தா உனக்கு என்ன வேலை கெடைக்கும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது எம்.டெக். முடித்துவிட்டேன். கீழே உள்ள வரிசையில் அன்றே யோசித்திருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

1. இருபது விளம்பரம்

உங்களுக்கு உண்மையிலேயே ஆசையுள்ள வேலைகளின் விளம்பரம் இருபதைத் தேடி, ஒவ்வொன்றிலும் என்ன படிப்பு கேட்கிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். எக்செல் வேண்டாம். அதில் வெட்டி ஒட்டிவிட்டுப் போய்விடுவோம். கையால் எழுதினால்தான் ஒவ்வொரு வரியும் மனசில் நிற்கும்.

வெப் டெவலப்மென்ட், டெஸ்டிங் வேலைகளுக்குப் பெரும்பாலும் எம்.டெக். கேட்கமாட்டார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கும் ஸோஹோ, பட்டமே இல்லாத பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறது. ஆனால் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக பி.இ.யோடு எம்.இ. அல்லது எம்.டெக். வேண்டும், இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். ஆராய்ச்சி வேலைக்கும் மேல்படிப்பு இல்லாமல் நகர்வது கஷ்டம். உங்கள் இருபதில் இரண்டு மூன்றுதான் முதுகலை கேட்கிறது என்றால், இரண்டு வருடத்தை வேலையில் போடுங்கள்.

2. நாலு வாரம் படித்துப் பாருங்கள்

ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் இணையதளத்தில் அல்காரிதம் அல்லது தியரி ஆஃப் கம்ப்யூடேஷன், ஏதாவது ஒரு பாடத்தில் சேருங்கள். படிக்கக் காசு கிடையாது, தேர்வு எழுதினால்தான் கட்டணம். நாலு வாரம் அசைன்மென்டை யாரும் சொல்லாமல் உட்கார்ந்து போடுகிறீர்களா என்று பாருங்கள். கேட் கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். என்னைக் கேட்டால் பழைய வினாத்தாள்களே போதும்.

3. கணக்கு

கேட் தகுதியோடு முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாதம் ரூ.12,400 உதவித்தொகை. 24 மாதத்துக்கு ரூ.2,97,600. அதே காலத்தில் ரூ.25,000 சம்பளத்துக்குப் போயிருந்தால் ரூ.6 லட்சம். கல்லூரிக் கட்டணம், விடுதி, மெஸ் செலவையும் சேர்த்து எழுதி வீட்டில் காட்டுங்கள். மாநில அளவிலான சீட்டா தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சேர்ந்தால் இந்த உதவித்தொகை இல்லை. சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு கண் கலங்கிய தோழி எனக்கு உண்டு.

4. விண்ணப்பம்: நான் தடுக்கி விழுந்த இடம்

மார்ச்சில் கேட் ரிசல்ட் வந்தது, நல்ல ஸ்கோர். பி.இ. சேரும்போது பொறியியல் கவுன்சிலிங்கில் ஒரே விண்ணப்பம்தான் போட்டோம், எல்லாக் கல்லூரியும் அதில் வந்தது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, ஐ.ஐ.டி.களுக்கான கோவாப் தளத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தேன். ஜூன் வரை ஒரு அழைப்பும் வரவில்லை.

கோவாப்பில் பதிவது விண்ணப்பம் ஆகாது. ஐ.ஐ.டி. ஒவ்வொன்றுக்கும் அதனதன் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் இடம் கொடுத்தால் அதைக் காட்டுகிற, நாம் ஏற்கவோ மறுக்கவோ செய்கிற இடம்தான் கோவாப். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்று தனிக் கவுன்சிலிங். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு டான்கா என்று இன்னொரு கவுன்சிலிங். மூன்று வாசல், மூன்று விதமான கடைசித் தேதி. ரிசல்ட் வந்த அன்றைக்கே தேதிகளை வீட்டுத் தினசரிக் காலண்டரில் எழுதிவிடுங்கள்.

என்னைக் காப்பாற்றியது ஒன்றுதான்: கேட் ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, மறுபடி தேர்வு எழுதாமல், அடுத்த வருடம் அதே ஸ்கோரில் சேர்ந்தேன். வேலை பார்த்த அந்த மாதங்களில்தான் எனக்கு டேட்டாபேஸில் மேலே படிக்க ஆசை என்பதும் தெளிவானது.

பின்னர் சேர்த்தது: பி.எஸ்சி. படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டாள். பி.எஸ்சி. மூன்றாம் வருடத்திலேயே கேட் எழுதலாம். ஆனால் எம்.டெக். சேர பெரும்பாலும் அது போதாது, எம்.சி.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடிக்க வேண்டும். எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருடம்தான். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதினால் தமிழ்நாட்டில் சேரலாம், என்.ஐ.டி.களுக்கு நிம்செட்.

இன்னொன்று: உதவித்தொகை முதல் மாதமே கைக்கு வரும் என்று நம்பிப் போகாதீர்கள். எனக்கு மூன்றாம் மாதம்தான் வந்தது, அதுவரை அம்மாவின் சீட்டுப் பணத்தில்தான் மெஸ் பில் கட்டினேன். மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு ஜங்ஷனில் ரயில் ஏறுங்கள்.