பால், முட்டை, கடலை சேராத குழந்தை: மலையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்க ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையமும் ஏறக்குறைய அதே தூரம். கடுமையான உணவு ஒவ்வாமை ஒரு குழந்தையின் மூச்சை அடைக்க அரை மணி நேரம் போதும். சமவெளி டாக்டர்கள் சொல்லும் எல்லாமே இங்கேயும் பொருந்தும். ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு இரண்டு வேலைகள் கூடுதல். எந்த உணவு என்பதைச் சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் மருந்து வீட்டிலேயே இருக்க வேண்டும்.

சேராமையா, ஒவ்வாமையா

“பிள்ளைக்குப் பால் சேரல” என்று நாம் சொல்வதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்கவில்லை என்றால் வயிறு உப்பும், காற்றுப் பிரியும், தண்ணீராகப் போகும், ஆசனவாயைச் சுற்றிச் சிவந்து எரியும். தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஐந்து வயதுக்குள் இது நிரந்தரமாக இருப்பது அரிது. பெரும்பாலும் கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பின் குடல் புண்பட்டதால் வருவது, சில வாரங்களில் சரியாகிவிடும். தயிரும் மோரும் இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

பால் ஒவ்வாமை என்பது பாலின் புரதத்தை உடல் எதிரியாக நினைத்துத் தாக்குவது. ஒரு ஸ்பூன் போதும். சில நிமிடங்களிலோ, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உடம்பில் தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குதல், வாந்தி, இருமல், இளைப்பு என்று வரும். கைக்குழந்தைகளில் இன்னொரு வகை உண்டு: உடனே ஒன்றும் தெரியாது, ஒன்றிரண்டு நாளில் மலத்தில் சளியும் ரத்தமும் போகும். இந்த இரண்டு வகைக்கும் தயிர், மோர், பன்னீர், பால்கோவா எல்லாம் பால்தான். நெய்யிலும் கொஞ்சம் புரதம் ஒட்டியிருக்கும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பாலோ எருமைப்பாலோ கொடுப்பது. இவற்றின் புரதங்கள் பசும்பால் புரதத்தைப் போலவே இருப்பதால், பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இவையும் ஆகாது. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். தாய் பால் பொருட்களை விட வேண்டுமா, எத்தனை வாரம் என்பதை டாக்டர் சொல்லட்டும். பாலை விட்ட குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்து குறையாமல் பார்ப்பது மலையில் அவ்வளவு கடினமில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

மலைப்பாதை வாந்தியும் பனித் தடிப்பும்

கொண்டை ஊசி வளைவில் குழந்தை வாந்தி எடுத்தால் காலையில் தின்ற முட்டையின் மேல் பழி விழும். பயண வாந்தி வண்டி நின்று கொஞ்ச நேரத்தில் அடங்கும், உடம்பில் தடிப்பு இருக்காது. வாந்தியோடு தடிப்போ வீக்கமோ இருமலோ சேர்ந்தால் அது வேறு. பனிக்காற்றில் கன்னம் சிவந்து வெடிப்பதும் ஒவ்வாமை இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் தடிப்பு எழும்பும் குழந்தைகளும் உண்டு; அது சாப்பாட்டோடு தொடர்பில்லாத குளிர் ஒவ்வாமை, டாக்டரிடம் தனியாகக் காட்ட வேண்டியது.

இதைப் பிரித்தறிய ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு, அறிகுறி எத்தனை மணிக்கு, அப்போது எங்கே இருந்தது. தடிப்பைப் போனில் படம் எடுத்து வையுங்கள்; ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அது மறைந்துவிடும். இந்த நோட்டைப் பார்க்காமல் நூறு உணவுக்கு ரத்தப் பரிசோதனை செய்வதால் குழப்பம்தான் மிஞ்சும். ரத்தத்தில் ‘பாசிட்டிவ்’ வந்தும் அந்த உணவைச் சுகமாகச் சாப்பிடும் குழந்தைகள் ஏராளம். ஐஜிஜி (IgG) என்ற பெயரில் விற்கப்படும் ரத்தச் சோதனை உணவு ஒவ்வாமை எதையும் நிரூபிக்காது. ஒரே தாளை நம்பி அரிசி, பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்தினால் குழந்தை இளைத்துப்போகும், வளர்ச்சி நிற்கும். ஒவ்வாமையை விட இந்தப் பத்தியம் செய்யும் கெடுதல் பெரிது.

புதிய உணவைத் தொடங்கும் நாள்

ஒரு வயது வரை முட்டையும் கடலையும் கொடுக்காமல் தள்ளிப்போடுவது பழைய யோசனை. 2015-ல் வெளியான லண்டன் ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள கைக்குழந்தைகளுக்கு நிலக்கடலையைத் தொடர்ந்து கொடுத்தபோது ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆறு மாதம் முடிந்து திட உணவு பழகியதும் ஒவ்வொன்றாகத் தொடங்கலாம். கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய்) இருக்கும் குழந்தைக்கும், ஏற்கனவே ஏதோ ஒரு உணவு ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் மட்டும் டாக்டரைக் கேட்ட பிறகு.

நாளைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். எஸ்டேட் டிஸ்பென்சரியோ ஆரம்ப சுகாதார நிலையமோ திறந்திருக்கும் வேலை நாளின் காலை. காய்ச்சல், சளி, தடுப்பூசி, பயணம் எதுவும் இல்லாத நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிந்து ரோடு அடைபடும் வாரங்களில் வேண்டாம். நிலக்கடலையை வறுத்து, தோல் நீக்கி, மையாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கால் டீஸ்பூன். முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், கூடவே கூடாது. பதினைந்து நிமிடம் பார்த்து, ஒன்றும் இல்லை என்றால் இன்னும் கொஞ்சம். இரண்டு மணி நேரம் குழந்தையைத் தூங்கவைக்காமல் கண்முன் வையுங்கள். முட்டையை நன்றாக வேகவைத்து இதே போல. ஒத்துக்கொண்டதை வாரம் இரண்டு முறையாவது தொடர வேண்டும். ஒரு நாள் கொடுத்துவிட்டு மறப்பதில் பயனில்லை.

இடையில் ஒரு வார்த்தை: மலைத்தேன் எவ்வளவு சுத்தமானதானாலும் ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டுக்கூட வைக்க வேண்டாம். அது ஒவ்வாமை காரணமாக இல்லை, தேனில் இருக்கக்கூடிய நச்சுக்கிருமியால். பழநி பஞ்சாமிர்தத்திலும் தேன் உண்டு, நெய்யும் உண்டு.

ஒளிந்திருக்கும் இடங்கள்

சத்துமாவில் முந்திரி, பாதாம், கடலை, கோதுமை எல்லாம் சேர்த்து அரைப்பது வழக்கம். உங்கள் வீட்டுக் கேழ்வரகு மட்டும் என்றாலும், பொது மில்லில் உங்களுக்கு முன் கோதுமை அரைத்திருந்தால் கல்லில் தங்கியது உங்கள் மாவில் வரும். காலையில் மில் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள், முதலில் விழும் அரைக் கிலோவைக் குழந்தைக்கு வைக்காதீர்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா இருக்கும். கோதுமை ஒவ்வாமை உள்ள வீட்டில் சாம்பார்கூட இப்படித்தான் ஏமாற்றும்.

ஊட்டி வர்க்கியில் மைதா நிச்சயம், பாலும் இருக்கலாம். சில்லறையாக எடைபோட்டு விற்கும் ஹோம்மேட் சாக்லேட்டை ஒவ்வாமைக் குழந்தைக்கு வாங்கவே வேண்டாம். பாதாம் போட்டதும் போடாததும் ஒரே தட்டில், ஒரே கத்தியில் வெட்டப்படுகின்றன. டார்க் சாக்லேட்டிலும் பால் கலந்திருப்பது சகஜம். பேக்கெட்டில் வருவதில் பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, கொட்டைகள், சோயா, கோதுமை போன்றவற்றைக் குறிப்பிடுவது இந்தியாவில் கட்டாயம். எள் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் பொருள் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். ‘கேசீன்’, ‘வே’, ‘மில்க் சாலிட்ஸ்’ எல்லாம் பால்தான். டீக்கடை பஜ்ஜி எண்ணெயில் முன்பு என்ன பொரித்தார்கள் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கிரஷ் ஆயாவிடமும் அங்கன்வாடி டீச்சரிடமும் வாயால் சொன்னது போதாது. குழந்தையின் படம், சேராத உணவு, அறிகுறி, போன் எண் எழுதிய அட்டையைச் சமையல் இடத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். முட்டை போடும் நாளில் தனித் தட்டு, தனிக் கரண்டி. பள்ளிக் காலை உணவில் வரும் ரவை உப்புமாவும் சேமியாவும் கோதுமைதான். “ஒரு வாய் தின்னா என்ன ஆயிரும்” என்று கேட்கும் பாட்டியிடம் கோபப்படுவதை விட, வீங்கிய முகத்தின் படத்தை ஒரு முறை காட்டிவிடுங்கள். கடலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். சானிடைசர் அந்தப் புரதத்தை எடுக்காது. குளிருக்குப் பயந்து கழுவாமல் விடாமல், சோப்பு நனைத்த துணியால் துடைத்தாலும் போகும்.

முட்டை ஒவ்வாமை என்று தட்டம்மைத் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். அந்த ஊசி இக்குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது.

ஆபத்து நேரத்தில்

தடிப்பு மட்டும் இருந்து குழந்தை நன்றாக விளையாடினால் டாக்டர் எழுதித் தந்த செட்டிரிசின் என்ற அரிப்பு மருந்து போதும், கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். விடாத இருமல், குரல் கம்முதல், இளைப்பு, நாக்கு வீக்கம், வெளுத்துத் துவளுதல், தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி: இதில் ஒன்று வந்தாலும் முதல் மருந்து அட்ரினலின் ஊசி. செட்டிரிசின் மூச்சைத் திறக்காது. அது வேலை செய்யட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில்தான் குழந்தைகள் கைவிட்டுப் போகிறார்கள்.

கடும் ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கு அட்ரினலினை வீட்டில் வைத்துக்கொள்ள டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், போடும் முறையை அவர் முன்னாலேயே வீட்டில் இரண்டு பேராவது பழகுங்கள். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் (சிறிய கண்ணாடி மருந்துக் குப்பி) கிலோவுக்கு 0.01 மில்லி: 10 கிலோ குழந்தைக்கு 0.1, 15 கிலோவுக்கு 0.15 மில்லி. தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தசைக்குள். அங்கன்வாடியில் எடை பார்க்கும்போதெல்லாம் அளவையும் திருத்தி எழுதிவைக்க வேண்டும். இன்சுலின் சிரிஞ்சின் ஊசி குட்டையாக இருப்பதால் தசைவரை எட்டாமல் போகலாம், எந்த ஊசி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து 25 டிகிரிக்குக் கீழ், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. மார்கழி, தை உறைபனியில் வண்டிக்குள் இரவு விட்டாலும் கெடும், மேட்டுப்பாளையம் வெயிலில் வண்டிக்குள் விட்டாலும் கெடும். நிறம் மாறியதைத் தூக்கிப் போடுங்கள்.

ஊசி போட்டதும் குழந்தையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மடியில் சாய்த்து உட்காரவைக்கலாம். தோளில் நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு பைக்கில் ஓடுவது ஆபத்து: ரத்த அழுத்தம் விழுந்திருக்கும் நேரத்தில் திடீரென நிமிர்த்தினால் இதயத்துக்கு ரத்தம் திரும்பாமல் அதுவே நின்றுபோகலாம். 108-க்கு எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் வீட்டு எண், வண்டி வந்து திரும்பக்கூடிய இடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதை முன்பே தெரிந்துவையுங்கள். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தெளிவு இல்லை என்றால் இரண்டாவது ஊசி. அதனால் வீட்டில் எப்போதும் இரண்டு இருக்க வேண்டும். வண்டி வரத் தாமதமானால், தடுப்பூசி போடும் சுகாதார நிலையத்தில் அட்ரினலின் வைத்திருப்பது நடைமுறை, அங்கே போகலாம்.

குழந்தை சிரித்துவிட்டது என்று உடனே மலையேறித் திரும்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை மீண்டும் தாக்கக்கூடும். வீடு தூரம் என்பதை டாக்டரிடம் சொல்லி அன்றிரவு வார்டிலேயே இருந்துவிடுங்கள்.

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் பள்ளி வயதுக்குள் விலகும், நிலக்கடலைக்கு ஐந்தில் ஒருவருக்குத்தான். வருடம் ஒரு முறை டாக்டரிடம் நோட்டைக் காட்டுங்கள். திரும்பக் கொடுத்துப் பார்ப்பதை மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செய்யுங்கள், வீட்டு அடுப்படியில் வேண்டாம்.